வெளியே வரலாம்

நொய்யல்நகரின் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வாசல் விளக்குகளும், நூற்று நாற்பத்தாறு நாள்கள் சிவப்பாக எரிந்த பின்னர், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரே நொடியில் பச்சையாக மாறின. பேராசிரியர் வசுமதியின் தெருவில் அப்போது எழுந்த முதல் ஓசை, எண்ணெய் காணாத தாழ்ப்பாள்களின் கிறீச்சொலி. இரண்டாவது ஓசை, எதிர்வீட்டுத் தையற்காரி பாப்பாத்தியின் குரல்.

“டீச்சர், கதவத் தொறங்க. ஊரே உங்களக் கையெடுத்துக் கும்புடுது.”

வசுமதி கதவைத் திறந்தார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது, அரசியலறிவியல் கற்பிப்பவர், மாநகர வல்லுநர் அவையின் ஐந்து உறுப்பினர்களுள் ஒருவர். விளக்குகள் பச்சையாவதற்குக் இன்னும் பத்தொன்பது நாள்களாவது வேண்டும் என்று சென்ற வாரக் கூட்டத்தில் மருத்துவர் கூறியதை அவர் தம் காதாலேயே கேட்டிருந்தார். ஆகையால் மகிழ்ச்சிக்கு முன்பாக அவருக்கு ஐயமே வந்தது.

இவ்விடத்தில் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுவதும் பரவிய அந்த நோய்க்குச் செவிக்காய்ச்சல் என்று பெயர். மூன்று நாள் காய்ச்சல், காதுக்குள் ஓயாத ரீங்காரம், பிறகு குணம். ஆனால் பத்தில் ஒருவருக்கு ரீங்காரம் நின்றபின் வேறெதுவும் கேட்காது. உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொள்ளும் நோய்க்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை எந்த நாட்டு அரசாலும் முடிவு செய்ய இயலவில்லை. அடைத்த அரசுகளையும் மக்கள் வைதார்கள். திறந்த அரசுகளையும் வைதார்கள். வசவுக்குச் சலித்த அரசியல்வாதிகள் கட்சி வேறுபாடின்றி ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு மாநகரிலும் முடிவெடுக்கும் பொறுப்பை ஐந்து வல்லுநர்களிடமும் ஒரு பொறியிடமும் ஒப்படைத்துவிட்டுத் தங்கள் கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். பொறியின் பெயர் நடுநிலை. வாரத்துக்கு ஒருமுறை வல்லுநர்கள் பேசுவார்கள். நடுநிலை கேட்டு, எடை போட்டு, உத்தரவாக்கும்: விளக்கு சிவந்தால் வீட்டுக்குள், பச்சையானால் வெளியே. அதற்கு ஐயமறப் புரிய வேண்டும் என்பதற்காக, அவையில் அனைவரும் எழுத்துத் தமிழில், எழுவாயும் பயனிலையும் குன்றாமல் பேசியாக வேண்டும் என்பது விதி.

“இதப் பாருங், உங்க பேரு,” என்று பாப்பாத்தி, வாசல் விளக்கின் அடியிலிருந்த சிறு திரையைக் காட்டினாள்.

வசுமதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘பொது உத்தரவு 31. வீடடங்கல் நீக்கப்படுகிறது. ஆதாரம்: பேராசிரியர் வசுமதி, கூற்று 7 — இன்னும் ஒரு வாரம் அடைத்து வைத்தால் மக்கள் வெளியே வரலாம். மறுப்பு: இல்லை.’

இரண்டாம் முறை வாசித்தார். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார்.

“எழுத்துப் பிழைங்களா, டீச்சர்?”

“எழுத்து சரியாத்தான் இருக்குது பாப்பாத்தி. அதுதான் வம்பு.”

பாப்பாத்திக்கு அதைக் கேட்டு நிற்க நேரமில்லை. நூற்று நாற்பத்தாறு நாள்களாகத் தள்ளிப்போன ஒரு கலியாணம் அன்றைக்கே நடப்பதாக முடிவாகி, பெண்ணின் ரவிக்கை அவள் பையில் இருந்தது. “உங்களுக்கும் ஒண்ணு ஓசியாத் தெச்சுத் தாரனுங்,” என்று சொல்லிக்கொண்டே தெருமுனையில் மறைந்தாள்.

பத்தரை மணிக்கு வாசலில் தாடி வைத்த ஒருவர் வந்து நின்றார். வசுமதிக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் கணவர் நாச்சிமுத்து. மோட்டாருக்குச் சுருள் கட்டும் பட்டறைக்காரர். கோபியில் இருக்கும் தமக்கையின் கிணற்று மோட்டாரைச் சரிசெய்து பொழுதோடு திரும்பிவிடுவதாகச் சொல்லி, ஒரு மாற்று வேட்டிகூட இல்லாமல் புறப்பட்டவர். அன்று மாலையே விளக்குகள் சிவந்தன. சிவக்கும் நொடியில் எவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ, அதுவே அவருக்குப் பதிவான வீடு. கோபியின் விளக்குகள் இரண்டு மாதங்களுக்கு முன்பே பச்சையாகிவிட்டன. நொய்யல்நகரின் விளக்குதான் அவரை உள்ளே விடவில்லை.

“என்ன புள்ள, நூத்தி நாப்பத்தாறு நாள் கழிச்சு வாரேன். வாசல்ல நிறுத்தி வெச்சு ஆராய்ச்சி பண்ற?”

“தாடி நல்லாத்தானுங் இருக்குது.”

“நல்லா இருக்குதா? அக்கா என்னையப் பாக்கச் சகிக்காம, கூழு ஊத்துறப்பக்கூட அந்தப் பக்கமாத் திரும்பிட்டுத்தான் ஊத்துச்சு.”

வசுமதி சிரித்தார். சிரிப்பின் நடுவே கண் கலங்கியது. அதை மறைப்பதற்காக நாற்காலியை முற்றத்து வேப்பமரத்தடியில் போட்டு, அங்கேயே அவரை அமரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துத் தாம் நான்கடி தள்ளி நின்றார்.

“கிட்ட வந்தா என்ன? கடிச்சா போட்டுருவேன்?”

“நீங்க பஸ்ஸுல வந்தீங்க. எத்தன பேரு?”

“பூரா ஒறம்பரைதான், சொந்தக்காரங்களப் பாக்கப் போற சனம். நிக்க எடமில்ல. டிரைவருகூடப் பாதி சீட்டுலதான் உக்காந்திருந்தாரு.” தண்ணீரைக் குடித்து முடித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துச் செம்பைக் கீழே வைத்தார். “என்ன வசு, எதையோ முழுங்கிட்டு நிக்கற?”

வசுமதி சொன்னார்.

“போன வாரம் அவையில நான் எச்சரிக்கையாச் சொன்னேனுங். இன்னும் ஒரு வாரம் அடச்சு வெச்சா சனம் பொறுக்காது, பூட்ட ஒடச்சுட்டு வெளிய வந்தாலும் வந்துரும்னு. இந்த நடுநிலை என்ன பண்ணிருச்சுன்னா, ஒரு வாரம் அடச்சாப் போதும், அப்புறம் வெளிய வர அனுமதின்னு எடுத்துக்கிச்சு.”

“ரெண்டுக்கும் ஒரே பேச்சா?”

“ஒரே சொல்லுத்தான். மழை வரலாம்னா வாய்ப்பு. உள்ள வரலாம்னா அனுமதி. எது எதுன்னு எடத்தப் பாத்துத்தான் தெரியும்.”

நாச்சிமுத்து சற்று யோசித்தார். “நல்லவேளை, மழை வரலாம்னு அதுகிட்டச் சொல்லாம விட்ட. மேகத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கும்.” பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “மீதி நாலு பேரு வாயில என்ன வெச்சிருந்தாங்க?”

“தலைய ஆட்டுனாங்க. நான் சொன்னது எச்சரிக்கைன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. மனுசங்களாச்சே. அதனால யாரும் மறுக்கல. மறுப்பில்லாத கூற்று தன்னால உத்தரவாயிரும்னு விதி. என்ற எடை நாலுதான் இருந்தும்கூட.”

“நாலு கிலோவா?”

“நூத்துக்கு நாலுங். ஆளுக்கு இருவதுன்னு ஆரம்பிச்சாங்க. யாரு சொன்ன கணிப்பு எத்தன பேரு விசயத்துல பலிக்குதோ, அவங்க எடை ஏறும். டாக்டரம்மாவுக்கு நாப்பத்தொண்ணு. அரசியல் படிச்சவ சொன்னது எப்பப் பலிச்சிருக்குது?”

நாச்சிமுத்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். “இப்ப என்ன பண்ணப்போற?”

“பொழுதோட ஆறு மணிக்குள்ள அவைக்குப் போயி, என்ற வாயாலயே திருத்தணும். சொன்னவங்கதான் திருத்த முடியும். திருத்துனா வெளக்கு மறுபடியும் செவப்பு. அவங்கவங்க பதிவான ஊட்டுக்குத் திரும்பணும்.”

“நான் பதிவானது கோபி.”

“ஆமாங்.”

வேப்பிலை ஒன்று செம்புக்குள் விழுந்தது. நாச்சிமுத்து அதை எடுத்து வெளியே போட்டார்.

“திருத்தலீன்னா?”

“தெனம் நாப்பது பேருக்குப் புதுசா வருது. இப்பத் தொறந்தா மாசக் கடைசியில தெனம் நானூறு பேருன்னு டாக்டரம்மா கணக்கு. அதுல தெனம் நாப்பது பேருக்குக் காது போயிரும்.”

“நீ வாயத் தொறக்காமப் பொட்டாட்ட இருந்துட்டா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

நாச்சிமுத்து தாடியைச் சொறிந்தார். “சரி, போயிட்டு வா. ஆனா ஒண்ணு. அக்கா ஊட்டுல மூணு வேளையும் கம்மங்கூழு. மாத்தச் சொல்லி அதுக்கும் சேத்து ஒரு கூற்றுச் சொல்லிட்டு வந்துரு.”

வசுமதி குடையை எடுத்துக்கொண்டு நடந்தே புறப்பட்டார். பேருந்து ஒன்று அவரைக் கடந்து சென்றது. கண்ணாடிகள் அடைக்கப்பட்டிருந்தன; உள்ளே முகத்தோடு முகம் ஒட்டிய கூட்டம். பேக்கரி வாசலில் தோளோடு தோள் இடித்து ஐம்பது பேர் தேங்காய் பன்னுக்கு நின்றார்கள். மருத்துவரின் கணக்கு நானூறோடு நின்றால் நல்லது என்று எண்ணிக்கொண்டு அவர் நடையை விரைவாக்கினார்.

ஆனால் காய்கறிச் சந்தையை நெருங்கியபோது அங்கே சந்தை இல்லை. கூரையின் கீழ் இடம் காலியாகக் கிடந்தது. எவரும் சொல்லாமலே, வியாபாரிகள் அத்தனை பேரும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கடை விரித்திருந்தார்கள். கடைக்கும் கடைக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போய்வரும் இடைவெளி இருந்தது. வாங்க வருகிறவர்கள் அதற்கு அப்பால் நிற்கும்படி, பூக்காரி ஒருத்தி தன் கடைக்கு முன்னால் வாழைநாரைக் கட்டியிருந்தாள்.

“இந்த நாரு எதுக்குங்க?” என்று வசுமதி கேட்டார்.

“என்ற வூட்டுக்காரருக்குக் காது போயிருச்சுங். நானும் போக்கிக்கிட்டா வூட்டுல யாரு யார வையறது?” என்றாள் பூக்காரி, கை பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்க.

பாப்பாத்தி சொன்ன கலியாணமும் வழியில்தான் நடந்தது. மண்டபத்தின் கதவு பூட்டியிருக்க, பந்தி தெருவில் ஓடியது. சமையற்காரர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கையசைவால் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

வசுமதி மக்களைப் பற்றிப் பதினொரு நூல்கள் எழுதியவர். அவற்றில் மக்கள் எப்போதும் நூற்றுக்கு இத்தனை பேராக வருவார்கள். பேக்கரியில் இடித்துக்கொண்டு நிற்பவர்களும், வாழைநாரைக் கட்டுகிறவளும் ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே உத்தரவின் கீழ் இருப்பதை அவர் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. திருத்தப் போகிறோம் என்பதில் அவருக்குத் தயக்கமில்லை. திருத்திய பின்னர் என்ன என்பதில்தான் முதன்முறையாகத் தயக்கம் வந்தது.

அவைக் கூடத்தில் செயலர் மாரப்பன் தனியாக இருந்தார். நடுநிலையைத் துடைத்து, இயக்கி, அதன் விதிப் புத்தகத்தைக் காவல் காக்கும் பணி அவருடையது. புதுச் சட்டை போட்டிருந்தார்.

“வாங்க மேடம். இனிப்பு எடுத்துக்குங்க. உங்க பேர்லதானுங் வாங்குனேன்.”

“மாரப்பன், நான் கூற்று ஏழைத் திருத்த வந்திருக்கேன்.”

மாரப்பனின் கையிலிருந்த இனிப்புப் பெட்டி மெதுவாக மேசைக்கு இறங்கியது. விளக்கத்தை முழுவதும் கேட்டபின், “மைசூர்பாவ எல்லாருக்கும் குடுத்துட்டனுங்களே,” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒலிவாங்கியைத் துணியால் துடைத்து முன்னால் நகர்த்தினார்.

வசுமதி நிமிர்ந்து நின்று, எழுத்துத் தமிழில் கூறினார்: “கூற்று ஏழில் ‘வரலாம்’ என்று நான் கூறியது அனுமதிப் பொருளில் அன்று, வாய்ப்புப் பொருளில். மக்கள் கட்டுப்பாட்டை மீறி வெளியே வரக்கூடும் என்பதே அதன் கருத்து.”

“திருத்தம் ஏற்கப்பட்டது,” என்றது நடுநிலை. அதன் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. “வகை: வாய்ப்பு. எனவே கூற்று ஏழு முன்கணிப்பாகப் பதிவாகிறது. முன்கணிப்பு சரிபார்க்கப்படுகிறது. ஒரு வாரம் அடைத்து வைக்கப்பட்டது. மக்கள் வெளியே வந்துள்ளனர். எண்ணிக்கை: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். முன்கணிப்பு முழுமையாகப் பலித்தது. பேராசிரியர் வசுமதியின் எடை: நான்கிலிருந்து எழுபத்து மூன்று.”

மாரப்பன் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

“அவங்க வெளிய வந்ததே நீ அனுமதி குடுத்ததாலதானே,” என்று வசுமதி தம்மை மறந்து பேச்சுத் தமிழில் கேட்டார். நடுநிலைக்கு அது புரியவில்லை.

மாரப்பன் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. எழுந்து நின்று, படித்ததைச் சொன்னார். “பழைய உத்தரவுக்கு ஆதாரம் போயிருச்சுங். ஆறு மணிக்குள்ள புது உத்தரவு வேணும். பாதிக்கு மேல எடை இருக்கறவங்க மத்தவங்களக் கேக்காமத் தனியாவே சொல்லலாம்.”

“இந்தச் ‘சொல்லலாம்’ அனுமதியா, வாய்ப்பா?”

“என்னைய வம்புல மாட்டாதீங்க மேடம். இனிமே நீங்க தும்முனாக்கூட உத்தரவுங்.”

எடை மாறிய செய்தி மற்ற நால்வருக்கும் தானாகவே சென்றுவிட்டது. முதலில் அழைத்தவர் பொருளியலாளர் சேஷகிரி. அரசியலறிவியல் என்பது அறிவியலே அன்று என்று சென்ற வாரம் அவையில் கூறியவர் அவர்.

“மேடம், உங்க புஸ்தகத்த ராத்திரியெல்லாம் படிச்சிண்டிருந்தேன். என்ன தெளிவு. பட்டறை எல்லாம் அஞ்சு மாசமா மூடிக் கிடக்கு. ஆறாவது மாசம் மூடினா அப்புறம் திறக்க ஆளிருக்காது. பச்சையே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ.”

“எந்தப் புஸ்தகம் படிச்சீங்க?”

“அந்தப் பச்சை அட்டை போட்டது,” என்றார் சேஷகிரி.

அடுத்து அழைத்தவர் டாக்டர் பெனடிக்டா. முதல் அலையில் நோயாளிகளின் நடுவே நின்று இடது காதை இழந்தவர் அவர். அதனாலேயே பேசும்போது குரலைச் சற்று உயர்த்துவார்.

“வசுமதி, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. அடச்சிருங்க. பன்னண்டே நாளு.”

“டாக்டர், ஒண்ணு கேக்கறேன். கண்ணாடி அடச்ச பஸ்ஸும் மைதானத்துச் சந்தையும் நோய்க்கு ஒண்ணா?”

“ஒண்ணாகுமா? மூடுன எடத்துலதான் பரவும். வெளிக்காத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல.”

“அப்ப சந்தையத் தொறந்து பஸ்ஸ மட்டும் மூடலாமே.”

“எவ்வளவு நாளா அதத்தான் நான் சொல்றேன்? நம்ம பொறிக்கு ரெண்டு நெறம்தானே தெரியும். அதோட, சனங்க சொன்னபடி நடப்பாங்கன்னு யாரு கண்டா? உங்க துறைதானே அது. நடப்பாங்களா?”

வசுமதிக்குப் பேக்கரி வாசலும் வாழைநாரும் ஒருசேர நினைவுக்கு வந்தன. “தெரியல டாக்டர்,” என்றார். முப்பதாண்டுப் பணியில் இன்னொரு வல்லுநரிடம் அவர் அச்சொல்லைச் சொன்னது அதுவே முதன்முறை.

மணி நாலேகால். மாரப்பன் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே வாக்கியம் போதும். பச்சை என்றால் முற்றத்து மரத்தடியில் தாடியோடு அமர்ந்திருப்பவர் இன்றிரவு தம் வீட்டில் தூங்குவார். மாதக் கடைசியில் நாள்தோறும் நாற்பது பேருக்கு உலகம் ஓய்ந்துபோகும். சிவப்பு என்றால் நாரைக் கட்டியவளும் நாலு பேரை இடித்தவனும் ஒரே தண்டனை பெறுவார்கள். நாச்சிமுத்து அடுத்த பேருந்தில் ஏறுவார். மக்கள் எப்படி நடப்பார்கள் என்பதை அறிந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதை அறிந்தவர்கள் இந்தக் கூடத்தில் எவரும் இல்லை.

வசுமதி ஒலிவாங்கியின் முன் நின்றார்.

“நொய்யல்நகர் மக்களே, மூடிய இடமும் நெரிசலும் நோயைப் பரப்பும் என்று மருத்துவர் கூறுகிறார். மீண்டும் அடைத்தால் பட்டறைகள் அழியும் என்று பொருளியலாளர் கூறுகிறார். இரண்டும் உண்மை. காய்ச்சல் தணியும்வரை நீங்கள் எவற்றை விட்டுக்கொடுப்பீர்கள்? எவற்றை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?”

நடுநிலை வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டது. “வினா வாக்கியம்,” என்றது கடைசியில். “உத்தரவாக்க இயலாது. விளிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பப்படுகிறது.”

மாரப்பன் சன்னலுக்கு ஓடினார். “மேடம், வெளக்கப் பாருங். மஞ்சளாட்ட எரியுது.”

“மஞ்சள் வெளக்கு கெடையாதே?”

“செவப்பும் பச்சையும் ஒண்ணா எரிஞ்சா மஞ்சளுங். இப்பிடி எரியும்னு எனக்கே தெரியாதுங்.”

வாசல் விளக்குகளில் ஒலிவாங்கி உண்டு. காய்ச்சல் இருக்கிறதா என்று காலைதோறும் அதில் சொல்ல வேண்டும் என்பதால், மக்களின் பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ள அந்தப் பகுதிக்கு மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இதுவரை அதில் ‘இருக்குது’, ‘இல்ல’ என்ற இரண்டே சொற்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது மாநகரமே பேசத் தொடங்கியது. மாரப்பன் ஒலிபெருக்கியைத் திருப்பிவிட்டார்.

“பஸ்ஸுக் கண்ணாடியக் கழட்டிப் போட்டா ஏறுறோம். இல்லீன்னா நடந்துக்கறோம். ஆனா கண்டக்டரு கத்தக்கூடாது.”

“டீக்கடைய மட்டும் மூடாதீங்கப்பா. ரோட்டோரமாத் தள்ளித் தள்ளி நின்னு குடிச்சுக்கறோம். அரசியல் பேசாமக்கூட இருந்துக்கறோம்.” பின்னால் ஒரு குரல், “அத நீ மட்டும் சொல்லு,” என்றது.

“கலியாணம் பண்றோம், மண்டபம் வேண்டாம். மொய் வெக்கறவங்க மட்டும் வந்தாப் போதும்.”

“நானு பேக்கரிக்காரன் பேசறனுங். காலையில கூட்டம் ஆயிப்போச்சு, தப்புத்தான். நாளையிலிருந்து சைக்கிள்ல தெருத் தெருவாக் கொண்டாந்து தாரோம்.”

நடுவே ஒரு பெண்குரல், நிதானமாக, மேடு பள்ளமில்லாமல் வந்தது. “எனக்கு ரெண்டு காதும் போயிருச்சு. நீங்க கேட்டத என்ற மருமக எழுதிக் காட்டுனா. பள்ளிக்கூடத்த மரத்தடியில வையுங்க. உள்ள மட்டும் வேண்டாம். நான் பேசுறது சரியாக் கேக்குதா?”

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “கேக்குதுங்க,” என்றார், அந்தப் பக்கம் கேட்காது என்று தெரிந்திருந்தும்.

சிலர் திட்டினார்கள். சிலர் கூலியைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் தம் பக்கத்து வீட்டுக்காரரின் நாயைப் பற்றி நான்கு நிமிடங்கள் பேசினார். வசுமதி ஒன்றையும் தள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஐந்தைத் தாண்டியபோது, மிகவும் பழகிய ஒரு குரல் வந்தது.

“வெளியூர்ல இருந்து வந்தவங்களத் திருப்பி அனுப்ப வேண்டாமுங். போற பஸ்ஸும் அதே நெரிசல்தான். பத்து நாளு அவங்கவங்க ஊட்டு மொட்ட மாடியில கெடக்கட்டும். காத்தாட இருக்கும். கம்மங்கூழு மட்டும் வேண்டாம்.”

வசுமதி மாரப்பனுக்கு முகம் தெரியாதபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசல் திரைகளில் ஓடிய அந்த விடையைத் தங்கள் விடையாகவும் ஏற்பதாக ஆறு மணிக்குள் அறுபத்தோராயிரம் வாசல்கள் தெரிவித்தன.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது நடுநிலை விடைகளைத் தொகுத்து முடித்தது. உத்தரவு என்று அதை அழைக்க அதற்கு விதி இல்லாததால், ‘மக்கள் கூற்று 1’ என்று தலைப்பிட்டு நடைமுறைக்கு விட்டது; விளக்குகள் மஞ்சளாகவே எரிந்தன. அதில் ‘வேண்டும்’ இல்லை, ‘கூடாது’ இல்லை. எல்லாப் பயனிலைகளும் ‘நடந்துக்கறோம்’, ‘தள்ளி நிக்கறோம்’, ‘மாடியில படுத்துக்கறோம்’ என்றே முடிந்தன. வேறொரு நாளாக இருந்தால் வசுமதி சிவப்பு மையை எடுத்திருப்பார்.

டாக்டர் பெனடிக்டா அதைத் தம் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு அழைத்தார். “சொன்னபடி பாதிப் பேரு நடந்தாக்கூடப் பதினெட்டு நாள்ல தணிஞ்சுரும். ஆறு நாள்தான் கூட ஆகுது.” பிறகு கேட்டார். “மூடுன எடம் வேண்டாம்னு நான் அஞ்சு மாசமாக் கத்துனேன், யாரும் கேக்கல. இப்ப எப்பிடி அவங்களே வேண்டாங்கறாங்க?”

“நீங்க கத்துனீங்க டாக்டர். நாம யாரும் அவங்களக் கேக்கல.”

பெனடிக்டா சிரித்தார். சேஷகிரியும் அழைத்தார், பட்டறைக் கதவுகளைக் கழற்றிவிட்டு வேலை செய்வதாகப் பட்டறைக்காரர்கள் கூறியிருப்பதைத் தாம் முன்பே எதிர்பார்த்ததாகச் சொன்னார். புறப்படும்போது மாரப்பன் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். “உங்க எடையக் கணக்கிட முடியலைன்னு சொல்லுதுங். என்னன்னு எழுதட்டும்?”

“காலியா விட்டுருங்க. அடுத்த வாரமும் கேக்க வேண்டியது நெறைய இருக்குது.”

வெளிச்சம் இருக்கும்போதே வசுமதி தம் தெருவுக்கு வந்துவிட்டார். தெருவே அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒருவராக மாடிகளில் ஆள்கள் நின்றார்கள்: ஓசூரில் மாட்டிக்கொண்ட லாரி ஓட்டுநர், பழனிக்குப் போய் ஐந்து மாதம் தங்க நேர்ந்த தம்பதியர், இரண்டு நர்சுகள். நாச்சிமுத்து பாயையும் தலையணையையும் ஏற்கெனவே மேலே கொண்டுபோயிருந்தார். பக்கத்து மாடி ஓட்டுநரோடு, எந்த ஊர்ச் சாப்பாடு மோசம் என்ற வழக்கில் கோபியின் சார்பாக வாதாடிக்கொண்டிருந்தார்.

வசுமதி அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, கத்தரிக்காய் வதக்கி, இரண்டு வட்டல்களில் சோறு போட்டுக்கொண்டு வெளிப்படிக்கட்டில் ஏறினார். மூன்றாம் படியில் ஒரு வட்டலை வைத்துவிட்டு, மற்றதைக் கொடுப்பதற்காக நான்காம் படியில் கால் வைத்தார்.

“டீச்சர், அது நாலாவது படிங்.”

தெருவிலிருந்து பாப்பாத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தையல் நாடா தொங்கியது.

“மூணாவது படியோட நின்னுக்கறதுன்னு நம்ம தெருவுல பேசிட்டமுங். வட்டல அங்க வெச்சுட்டு எறங்குங்க. அய்யன் வந்து எடுத்துக்குவாரு.”

“யாரு பாப்பாத்தி இந்தச் சட்டம் போட்டது?”

“நாங்கதானுங். அஞ்சரை மணிக்குப் போட்டோம். வேணும்னா நாடா வெச்சு அளந்து காட்டறேன்.”

மேலிருந்து நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். “சொல்றதக் கேளு புள்ள. படிச்சவங்களே இப்பிடிப் பண்ணுனா நாங்கெல்லாம் என்ன பண்றது?”

பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஒன்பது லட்சம் பேரை ஆளத்தக்க நிலையிலிருந்த பேராசிரியர் வசுமதி, வட்டலை நான்காம் படியில் வைத்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு, மறுபேச்சின்றி ஒரு படி கீழே இறங்கி, மூன்றாம் படியில் அமர்ந்து சாப்பிடத் தொடங்கினார்.